மச்சாளுக்கு ஒரு பலூன்

மச்சாளை மன்னித்துவிட்டாயா என்று யாராவது கேட்டால், மயூரா ஓம் என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்துபோவாள். மன்னிப்பு என்பது கோயிலிலும் கலியாண வீட்டிலும் நாலு பேருக்கு முன்னால் எடுத்துக் காட்டுகிற நகை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் கழற்றி வைத்துவிடலாம். கழற்றி வைத்தபின் சத்தியபாமாவை நினைத்து அவள் பல்லைக் கடிக்காத நாளே கிடையாது.

சத்தியபாமா அவளுடைய கணவன் பிரசாந்தின் மூத்த அக்கா. தாய் தகப்பன் போனபிறகு தம்பியை நோர்வேக்குக் கூப்பிட்டுப் படிப்பித்து ஆளாக்கியவர். ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு குடும்பம் முழுவதையும் ஆட்டிவைக்கிறவர். "அக்கா கெட்ட மனுசியில்லை" என்று பிரசாந் சொல்வான். அதுதான் மயூராவுக்குக் கோபம். கெட்ட மனுசி என்றால் ஒரேயடியாக வெறுத்துத் தலைமுழுகிவிடலாம். இந்த மனுசியோ பிள்ளைக்குக் கம்பளி உடுப்பும் வாங்கித் தருவார், அந்தப் பிள்ளையின் உயிரையும் எடுப்பார்.

நடந்தது இதுதான். சத்தியபாமாவின் மகள்வயிற்றுப் பேரன் லதீசனுக்கு மூன்றாவது பிறந்தநாள். ட்வெய்ட்டாவில் ஒரு மண்டபம். எங்கள் ஆட்களின் பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுவதோடு முடிகிற காரியமா? மேலே ஒரு பென்னாம்பெரிய பலூன் தொங்கவேண்டும். அதற்குள் சொக்லேட்டும் சின்ன விளையாட்டுச் சாமான்களும் மினுக்கத்தூளும் அடைத்திருக்கவேண்டும். பிள்ளைகள் எல்லோரும் கீழே கூடி நிற்க, தடியில் கட்டிய ஊசியால் குத்தி அதை வெடிக்கவைக்கவேண்டும். இல்லாவிட்டால் வந்தவர்களுக்குச் சாப்பாடு செமிக்காது.

மயூராவின் மகன் தக்சனுக்கு அப்போது நாலு வயது. பிரிட்ஜ் உறுமுவதை அடுத்த அறையில் இருந்து கேட்கிற பிள்ளை. உடுப்பின் கழுத்துப் பட்டியில் தைத்த துண்டு அவனுக்கு முள்ளு. தலை சீவினால் அழுவான், கைதட்டினால் ஒளிவான். அவனை எங்கே கொண்டுபோனாலும் மயூரா முன்கூட்டியே எல்லாம் யோசித்து வைத்திருப்பாள். அன்றும் கடைசி மேசையில், கதவுப் பக்கமாக, காதுமூடி போட்டு இருத்தியிருந்தாள். பலூன் நேரம் வரும்போது வெளியே கூட்டிக்கொண்டு போவதாக அவனுக்குச் சொல்லியும் இருந்தாள். அவள் கைகழுவப் போன இடைவெளியில் சத்தியபாமா வந்தார். "படத்திலை கட்டட வேலைக்காரன் மாதிரி நிக்கப்போறான்" என்று சொல்லிக் காதுமூடியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டார். பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பலூனுக்கு நேர் கீழே நிறுத்தினார்.

பலூன் வெடித்தபின் தக்சனைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது அவன் வெளியே கார் நிறுத்துமிடத்தில், ஒரு வெள்ளைக் காருக்கு அடியில் கிடந்தான். காலில் காலுறை மட்டும். பனிக்குள் கிடந்து சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். அதற்குப் பிறகு பனி கரையும்வரை வீட்டுக்கு வெளியே ஒரு சொல் கதைக்கவில்லை. படுப்பது உடுப்பு அலுமாரிக்குள்.

அன்று மண்டபத்திலேயே அதற்குச் சத்தியபாமா சொன்னதுதான் மயூராவின் நெஞ்சில் இறங்கி நின்றது.

"ஒரு பலூன்தானே. பழகவேணும். நாங்கள் சண்டைக்கை, ஷெல்லடிக்கை வளந்த ஆக்கள். எங்கடை ரத்தத்திலை ஒரு பிள்ளை இப்பிடிப் பயந்ததெண்டால் அது வளர்ப்பு. நீர்தான் பொத்திப் பொத்தி வைச்சுப் பிள்ளையைப் பழுதாக்கிப்போட்டீர்."

மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் அதற்குத் தலையாட்டினார்கள். பிரசாந் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மயூராவுக்கு இதுதான் தொழில். புருசெத்தில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் அவளுடைய பிரிவில் தக்சனைப்போல ஒன்றிரண்டு பிள்ளைகள் வரும். அதற்கு நேர்மாறான பிள்ளைகளும் வரும். சத்தமும் அடியும் தள்ளும் போதாமல் சுவரில் போய் மோதுகிற பிள்ளைகள். முதல்வகைப் பிள்ளைக்கு மூலையில் இடம், முதுகுக்குச் சுவர், தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் போடுவதற்கு முன்பு ஒரு சொல். இரண்டாம்வகைப் பிள்ளைக்குப் பாரமான பெட்டி தூக்கும் வேலை, பனி அள்ளும் வேலை, இறுக்கி ஒரு அணைப்பு. அதைக் கொடுத்துவிட்டால் வட்டமாக இருந்து கதை கேட்கிற நேரத்தில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சக ஆசிரியை கரோலினா, "உனக்குப் பிள்ளைகளின் தோலுக்குள் போய்ப் பார்க்கத் தெரிகிறது" என்பாள்.

லதீசன் இரண்டாம் வகை. ஒலிபெருக்கியைக் கட்டிப்பிடித்து வயிறு அதிர நின்று சிரிப்பான். விழுந்தால் அழமாட்டான். மற்றப் பிள்ளைகளைப் பிடித்தால் நசியப் பிடிப்பான். "இதுதான் ஆம்பிளைப்பிள்ளை" என்று சத்தியபாமா தக்சனைப் பார்த்துக்கொண்டு சொல்வார். அவனுக்கும் உதவி வேண்டும் என்று மயூராவுக்குத் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை வளர்க்கத் தெரியாதவளிடம் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

அந்த வருடம் இலை உதிரும் காலத்தில் சத்தியபாமா மாறினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவது பிரசாந்தின் வழக்கம். வழக்கமாக மின்தூக்கியை விட்டு இறங்கும்போதே அவர் வீட்டுத் தொலைக்காட்சி கேட்கும். அதற்கு மேலால் அவருடைய குரல் கேட்கும். தக்சன் காதுமூடியோடு வாசல் நடையில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இருந்துகொள்வான். அந்த ஞாயிறு வீடு அமைதியாக இருந்தது. தொலைக்காட்சியில் படம் ஓடியது, சத்தம் பேருக்குத்தான். சத்தியபாமா, "வாங்கோ, இருங்கோ" என்று சொன்னது மயூராவுக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

"அக்காவுக்குச் சுகமில்லையோ?" என்று பிரசாந் கேட்டான். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன்" என்றார் அவர், அதே மெல்லிய குரலில்.

மயூரா கண்ணை எடுக்கவில்லை. சத்தியபாமா கரண்டியைச் சத்தம் வராமல் தட்டில் வைத்த விதத்தைப் பார்த்தாள். சம்பல் அரைக்கக் கிரைண்டரைப் போடும்படி மகளிடம் சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பை சரசரத்தபோது கண் சுருங்கியது. எப்போதும் இழுத்துக் கொண்டை போடுகிறவர், தலைமயிரைக் காதை மூடி இறக்கி விட்டிருந்தார். பிள்ளைகளில் தினமும் பார்க்கிற அதே குறிகள். குனிந்து தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கும்போது காதுக்குப் பின்னால் மெல்லிய குழாய் ஒன்று தெரிந்தது. மனுசி இரண்டு காதுக்கும் கேட்கிற மெசின் போட்டுவிட்டு, கிழவி என்று சொல்லப்போகிறார்கள் என்று ஒளித்துக்கொண்டிருந்தார்!

அவருக்கு எத்தனையோ வருடமாகக் காது மந்தம், அதனால்தான் அந்தச் சத்தமெல்லாம் என்று மயூராவுக்கு அப்போதுதான் விளங்கியது. மெசின் புதிதாகப் போட்டவர்களுக்கு உலகம் ஒரேயடியாக உள்ளே பாயும். தண்ணீர்க் குழாயும் கடதாசியும் சொந்தக் குரலும்கூடத் தாங்காது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்துவிட்டது. மயூராவின் உடம்பெல்லாம் சந்தோசம் ஓடியது. அன்று மச்சாள் வீட்டுச் சோற்றை முதல்முறையாக ருசித்துச் சாப்பிட்டாள்.

அவள் எதிர்பாராதது ஒன்றும் அன்று நடந்தது. தக்சன் நடையை விட்டு எழுந்து வந்தான். காதுமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் வாசலில் நின்றான். பிறகு மெல்லமாகப் போய்ச் சத்தியபாமா மாமிக்குப் பக்கத்தில் இருந்தான். அடுத்த ஞாயிறு தன் மரக்கட்டை ரயிலைக் கொண்டுபோய்க் காட்டினான். அதற்கடுத்த ஞாயிறு மாமியின் மடியில் இருந்தபடி குசுகுசுவென்று கதைத்தான், மாமியும் குசுகுசுவென்று பதில் சொன்னார். இரண்டு பேரும் யன்னலுக்கால் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீரோ, அக்கா மாறீட்டா" என்றான் பிரசாந், கண் கலங்காத குறையாக.

மயூராவுக்குப் பற்றியெரிந்தது. காருக்கு அடியில் இருந்து இழுத்தெடுத்தது அவள். அலுமாரிக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்தது அவள். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல், ஒரு மெசின் போட்டதற்காக, இந்த மனுசிக்குப் பிள்ளையின் பாசமும் வேண்டுமோ? பிள்ளை மறந்துவிட்டான். அவனுக்கும் சேர்த்து அவள் நினைவில் வைத்திருந்தாள்.

சத்தியபாமாவுக்கு அறுபது வயது முடிகிற நாள் நெருங்கியது. ஏற்பாடு எல்லாம் தான் செய்வதாக மயூரா சொன்னபோது குடும்பமே ஆச்சரியப்பட்டது.

"பெரிசா ஒண்டும் வேண்டாம், மயூரா" என்றார் சத்தியபாமா. "வீட்டிலை சமைச்சு நாங்கள் மட்டும் சாப்பிடுவம்." அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது எதற்கான கெஞ்சல் என்று அந்த வீட்டில் மயூரா ஒருத்திக்குத்தான் தெரியும்.

"சும்மா இருங்கோ மச்சாள். அறுபது ஒருக்காத்தானே வரும். எங்கடை ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்ற கேள்விக்கு இந்த ஊரில் யாரிடமும் மறுமொழி கிடையாது. சத்தியபாமா தலையை ஆட்டினார்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். மயூராவுக்கு அவள் படித்த படிப்பே ஆயுதமாயிற்று. பிள்ளைகளுக்குச் செய்வதை அப்படியே தலைகீழாகப் புரட்டினாள். முதுகுக்குச் சுவர் இல்லாமல் நடு மண்டபத்தில் நாற்காலி. இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி. முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் வெளிச்சம். பின்னால் தட்டுமுட்டுச் சாமான் கழுவுகிற குசினிக் கதவு. என்ன எப்போது நடக்கும் என்று ஒரு சொல் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே தங்க நிறத்தில் ஒரு பலூன். அறுபது வயதுக்காரிக்குப் பலூனா என்று மண்டபத்துக்காரர் சிரித்தார். "அவவுக்குச் சரியான விருப்பம்" என்றாள் மயூரா.

தக்சனைக் கரோலினாவின் வீட்டில் விடுவதாக ஏற்பாடு. சப்பாத்துப் போடும்போது அவன் கேட்டான்.

"நானும் மாமியிட்டை வாறன்."

"அங்கை சரியான சத்தம், அப்பன்."

"மாமிக்கும் சத்தம் பிடிக்காது."

மயூராவின் கை சப்பாத்துக் கயிற்றில் ஒரு கணம் நின்றது. அவனும் கண்டுபிடித்திருக்கிறான்!

"மாமி பெரிய ஆள். அவவுக்கு ஒண்டும் செய்யாது" என்று சொல்லி முடிச்சை இறுக்கினாள்.

மண்டபத்தில் எல்லாம் அவள் நினைத்தபடி நடந்தது. சத்தியபாமா பட்டுச் சேலையில், நடுவில், ஒட்டவைத்த சிரிப்போடு இருந்தார். பாட்டு அதிர்ந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் குனிந்து காதுக்குள் வாழ்த்திக் கத்தினார்கள். குசினிக்குள் ஒரு அடுக்குத் தட்டு விழுந்தபோது அவருடைய தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. கை தலைமயிருக்குள் போகும், யாராவது பார்த்தால் பூவைச் சரிசெய்வதுபோல வெளியே வரும். ஒருமுறை எழும்பப் பார்த்தார். "இருங்கோ மச்சாள், படம் எடுக்கினம்" என்று மயூரா அன்பாகத் தோளில் கைவைத்து இருத்தினாள். அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தை அவள் நன்றாக அறிவாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. உப்புத் தின்றவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று நினைத்தாள்.

பலூன் நேரம் வந்தது. ஊசித் தடியை மயூரா லதீசனின் கையில் கொடுத்து, ஒரு நாற்காலியில் ஏற்றி அம்மம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவன் சந்தோசத்தில் துள்ளித் துள்ளிக் குத்தினான்.

வெடித்தது.

சத்தியபாமா கத்துவார், காதைப் பொத்துவார், எழுந்து ஓடுவார் என்று மயூரா எத்தனையோ முறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். நடந்தது வேறு. "படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" என்று ஒரு குரல். அது அவருடைய குரல்போலவே இல்லை. நாற்காலியில் நின்ற லதீசனை இழுத்து நிலத்தில் போட்டு, அவனுக்கு மேலே தான் விழுந்து, இரண்டு கையாலும் அவன் தலையை மூடிக்கொண்டார். மினுக்கத்தூள் இரண்டு பேர் மேலும் கொட்டியது. நசிந்து கிடந்த லதீசன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான். சொக்லேட் பொறுக்க ஓடிவந்த பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். பாட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார்.

மண்டபத்தில் வேறு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்த வயது ஆட்களில் இரண்டு மூன்று பேர் தாங்களும் மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தபடி நின்றார்கள்.

பிரசாந் ஓடிவந்து அக்காவைத் தூக்கி இருத்தினான். அவருடைய பட்டுச் சேலை நனைந்திருந்தது. அவர் எல்லோருக்கும் முன்னால் தலைமயிரை ஒதுக்கி, இரண்டு காதிலும் இருந்த மெசினைப் பிடுங்கி எடுத்துக் கைலேஞ்சித் துணிக்குள் முடிந்தார். ஒளித்து வைத்ததை ஊரே பார்த்தது. மயூரா இந்த நேரத்துக்குத்தான் ஒரு வருடமாக ஒரு வசனம் வைத்திருந்தாள். பக்கத்தில் முழந்தாளில் இருந்து, முகத்தைப் பார்த்து, மெல்லமாகச் சொன்னாள்.

"ஒரு பலூன்தானே, மச்சாள். பழகவேணும்."

சத்தியபாமா அவளுடைய வாயைப் பார்த்தார்.

"என்ன சொன்னீர்? கேக்கேல்லை."

சுற்றிவரச் சனம். அதையே பலமாகச் சொல்ல முடியுமா? "ஒண்டுமில்லை" என்று சைகை காட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். ஒரு வருடம் வைத்திருந்த வசனம் வீணாய்ப் போனது மட்டும்தான் அவளுக்கு அன்று கவலை. மற்றப்படி நல்ல நித்திரை வந்தது.

சத்தியபாமா மெசினைத் திரும்பப் போடவில்லை. காது பார்க்கிற இடத்தில் இருந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. மகள் சொல்லிப் பார்த்தாள், பிரசாந் கெஞ்சிப் பார்த்தான். "அந்தச் சனியன் எனக்கு வேண்டாம். கேக்காமல் இருந்தால் நிம்மதி" என்றார். ஒவ்வொரு நாளும் கொஞ்சநேரம், அமைதியான அறையில், தெரிந்த சத்தத்தில் இருந்து தொடங்கினால் பழகலாம் என்பது மயூராவுக்குத் தெரியும். முன்பள்ளியில் அதைத்தான் செய்கிறாள். அக்காவுக்கு ஏதாவது செய்ய ஏலாதோ என்று பிரசாந் கேட்டபோது, "பெரிய ஆக்களைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

ஞாயிறு வந்தது. உடம்பு சரியில்லாததால் இரண்டு வாரம் வெளியே வராத சத்தியபாமாவைப் பிரசாந் காரில் ஏற்றிக்கொண்டு தங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தான். தக்சன் காலையில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தான், மாமி எப்போ வருவா, மாமி எப்போ வருவா என்று. ரயில் பாதையை வரவேற்பறையில் போட்டு வைத்துவிட்டு, மணி அடித்ததும் அவனே ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். காதுமூடி மேசையில் கிடந்தது.

"டேய் தக்சன்! வாடா ராசா மாமியிட்டை!"

அந்தக் குரல் மாடிப்படி முழுவதும் மோதித் திரும்பி வந்தது. பழைய குரல். அதைவிடப் பலம் என்றுதான் சொல்லவேண்டும். தக்சனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது. ஒரு அடி பின்னுக்குப் போனான். இன்னொரு அடி. பிறகு திரும்பி, நடையில் தொங்கிய குளிர் ஜாக்கெட்டுகளுக்குள் புகுந்துவிட்டான்.

"ஏன் ஓடுறான்?" சத்தியபாமா வாசலிலேயே நின்றார். கையில் ஒரு புது மரக்கட்டை ரயில்பெட்டி. "என்ரை மடியிலை இருந்த பிள்ளை! நான் என்ன செய்தனான்? நீர் ஏதும் சொல்லிக் குடுத்தனீரோ, மயூரா?"

கண்ணில் தண்ணீர் நின்றது. அதோடு குரலும் ஏறிக்கொண்டே போனது. பிரசாந் இன்னும் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். ஜாக்கெட்டுகள் நடுங்கின. அவற்றுக்குக் கீழே இரண்டு காலுறைகள் தெரிந்தன.

"மெல்லமாக் கதையுங்கோ, மச்சாள்" என்றாள் மயூரா.

"என்ன?"

"மெல்லமா."

"கேக்கேல்லை! பலமாச் சொல்லும்! பிள்ளைக்கு என்ன நடந்தது? தக்சன்! டேய் தக்சன்! மாமியடா!"

சத்தியபாமா சப்பாத்தையும் கழற்றாமல் உள்ளே வந்து ஜாக்கெட்டுகளை விலக்கக் கையை நீட்டினார். மயூரா குறுக்கே போய் அந்தக் கையைப் பிடித்தாள். அவர் பிடியை உதறி, இன்னும் பலமாக அவன் பெயரைக் கூப்பிட்டார். அந்த வீட்டில், பிள்ளை பிறந்த நாளில் இருந்து, மயூரா ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. இப்போது வேறு வழி தெரியவில்லை. மச்சாளின் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். அடிவயிற்றில் இருந்து, தொண்டை கிழிய, கத்தினாள்.

"மெல்லமாக் கதையுங்கோ!"

சத்தியபாமாவுக்குக் கேட்டுவிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

மயூரா திரும்பினாள். ஜாக்கெட்டுகளுக்கு நடுவே தக்சனின் முகம் தெரிந்தது. இரண்டு கையாலும் காதை அழுத்திப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியபடி, அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.